ஷீக் குழுவின் ‘ரிஸ்கே’: மற்றவர்கள் வழிவிட, பேஸ் நடந்த ஆல்பம்

‘குட் டைம்ஸ்’ பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடியதும் ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிடுகிறார்கள். பாடகிகள் நிறுத்திவிடுகிறார்கள். வயலின் இல்லை, பியானோ இல்லை. டிரம்ஸ், கைத்தட்டல், பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸ் கிட்டார், இவ்வளவுதான் மிச்சம். அந்தக் காலி இடத்தில்தான் பிறகு வந்த பலரும் தங்கள் பாட்டைக் கட்டிக்கொண்டார்கள். அமெரிக்க டிஸ்கோ இசைக் குழுவான ஷீக்கின் மூன்றாவது ஆல்பமான ‘ரிஸ்கே’யில் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் என் கணிப்பில் எல்லாம் ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை: பேஸை முன்னால் நிறுத்து, மற்றவர்கள் எல்லோரும் அதற்கு வழிவிடட்டும்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். அட்லாண்டிக் நிறுவனம் 1979 ஜூலை 30 அன்று வெளியிட்ட ஆல்பம் இது. ஏழு பாட்டு, மொத்தம் சுமார் 37 நிமிடம். எழுதியதும் தயாரித்ததும் இரண்டே பேர்: கிட்டார் வாசித்த நைல் ராட்ஜர்ஸ், பேஸ் வாசித்த பெர்னார்ட் எட்வர்ட்ஸ். டிரம்ஸ் டோனி தாம்ப்சன். முன்னணிக் குரல்கள் ஆல்ஃபா ஆண்டர்சன், லூசி மார்ட்டின். கூடவே ஃபான்சி தார்ன்டன், மிஷெல் காப்ஸ், உல்லாண்டா மெக்கல்லோ. கீபோர்டில் ரேமண்ட் ஜோன்ஸ், ராப் சபினோ. ஒலிப்பதிவு நியூயார்க், மன்ஹாட்டன், மேற்கு 53ஆம் தெருவில் இருந்த பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோ. பெயருக்குக் காரணம் உண்டு. கான் எடிசன் மின் நிறுவனத்தின் பழைய கட்டடம் அது, 1977இல் டோனி பாஞ்சியோவி அதை ஸ்டூடியோவாக மாற்றினார். ஒலிப் பொறியாளர் பாப் கிளியர்மவுண்டன்.

அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் ‘ரிஸ்கே’ 5ஆம் இடம் வரை ஏறியது. ‘குட் டைம்ஸ்’ 1979 ஆகஸ்ட் 18 தேதியிட்ட தனிப்பாட்டுப் பட்டியலில் ஒரே ஒரு வாரம் முதலிடம். முந்தைய ஆண்டு வெளியான இவர்களுடைய ‘லெ ஃப்ரீக்’ மொத்தம் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் ஒரு வாரம் சின்னக் கணக்குதான். ஆனால் இசைக் கலைஞர்கள் எடுத்து எடுத்துப் பிரித்துப் பார்த்தது இந்த ஒரு வாரப் பாட்டைத்தான்.

பாட்டின் உள்ளமைப்பைப் பார்ப்போம். மொத்தப் பாட்டுக்கும் இரண்டே கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). ஈ மைனர் செவன்த் இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று), ஏ தேர்ட்டீன்த் இரண்டு பார். பல்லவிக்கும் அதுவே, சரணத்துக்கும் அதுவே. ஈ என்ற ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் வருவது சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், இது கரகரப்பிரியாவின் ஸ்வர வரிசை. மேற்கத்திய இசையில் டோரியன் மோட். இதில் தைவதம் முக்கியம். அது சுத்த தைவதமாக இறங்கியிருந்தால் சாதாரண மைனர் ஸ்கேலின் சோகம் வந்து உட்கார்ந்திருக்கும். சதுஸ்ருதி தைவதம்தான் இரண்டாவது கோர்டான ஏக்கு மேஜர் மூன்றாம் ஸ்வரமாக அமைந்து முகத்தை மலர வைக்கிறது. மைனரில் தொடங்கி மேஜரில் மலர்ந்து திரும்ப மைனருக்கு வரும் சுழற்சி. ‘நல்ல காலம்’ என்று பாடும் பாட்டில் ஒரு கவலை ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறதே, அதன் வேர் இங்கேதான்.

தாளக் கணக்கும் நமக்குப் பழகியதுதான். ஒரு பாருக்கு நான்கு அடி, இரண்டு பாருக்கு எட்டு. சதுஸ்ர நடையில் ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். ஆக ஈ கோர்டுக்கு ஒரு ஆவர்த்தனம், ஏ கோர்டுக்கு ஒரு ஆவர்த்தனம். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 110 அடி. ஒரு முழுச் சுழற்சிக்கு 8.7 வினாடி ஆகும். ஆல்பத்தில் உள்ள வடிவம் 8 நிமிடம் 13 வினாடி என்பதால், இதே சுழற்சி ஐம்பது முறைக்கு மேல் திரும்பி வருகிறது. இத்தனை முறை திரும்பியும் சலிக்காமல் இருக்க வேண்டுமானால், சுழற்சிக்குள்ளேயே மூச்சு விட இடம் இருக்க வேண்டும்.

அந்த இடத்தை எட்வர்ட்ஸ் முதல் பாரிலேயே வைத்துவிட்டார். முதல் மூன்று அடிக்கும் கீழ் ஈ ஸ்வரம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக விழுகிறது. அதற்குப் பின் ஒரு வெற்றிடம். பிறகு அடிகளின் மேல் நேரே உட்காராமல் இடையிடையே விழுந்து ஏறும் ஒரு நடை, ஏ ஸ்வரத்தை நோக்கிப் போகிறது. அங்கே சற்று விளையாடிவிட்டு மறுபடி ஈக்கு இறங்குகிறது. நேர் அடி, மௌனம், குறுக்கு நடை. இந்த மூன்றின் விகிதம்தான் வரியின் ரகசியம். மூன்று நேர் அடிகளும் ஆடுபவரின் காலுக்கு, குறுக்கு நடை இடுப்புக்கு.

பேஸ் வாசிப்பவர்கள் இதைக் கற்கும்போது பெரும்பாலும் ஏறும் நடையில்தான் கவனத்தைக் கொட்டுகிறார்கள். தவறு நடப்பதோ அந்த மூன்று ஈயில். கீழ் ஈ என்பது திறந்த கம்பி. விரலால் அழுத்தாமல் ஒலிப்பதால் தட்டியபின் தானாக நிற்காது, நீண்டு ஒலித்துக்கொண்டே போகும். முதல் அடி இரண்டாவது அடிக்குள் வழிந்தால், மூன்று தனித்தனி அடியாகக் கேட்க வேண்டியது ஒரே முனகலாகிவிடும். நான்காவது அடியில் இருக்க வேண்டிய காலி இடமும் அடைபட்டுப் போகும். இதற்கு இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். இடது கையின் விரல்களைக் கம்பியின் மேல் அழுத்தாமல் படரவிட்டு ஒலியை அணைக்க வேண்டும். வலது கையில் அடுத்த தட்டலுக்குத் தயாராகும் விரல் சற்று முன்பே கம்பியைத் தொட்டு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஈயும் அடியின் முக்கால் பங்கு வரை ஒலித்து அணைந்தால் சரியாக இருக்கும். மிகவும் குட்டையாக வெட்டினாலும் கனம் போய்விடும்.

பயிற்சிக்கு ஒரு வழி. மெட்ரோனோமை (தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) 80இல் வையுங்கள். ஏறும் நடையை விட்டுவிட்டு முதல் பாரை மட்டும் வாசியுங்கள்: மூன்று அடி, ஒரு மௌனம். நான்காவது அடியில் மெட்ரோனோமின் சத்தம் மட்டும் தெளிவாக, தனியாகக் கேட்க வேண்டும். பேஸின் வால் அதோடு கலந்து கேட்டால் கை இன்னும் அணைக்கவில்லை என்று அர்த்தம். இது சரியானபின் நடையைச் சேருங்கள். அதற்குப் பிறகே வேகத்தை ஐந்து ஐந்தாக 110 வரை ஏற்றுங்கள். ஏற்றும்போது நடை அவசரப்படும், குறுக்கே விழும் ஸ்வரங்கள் அடியை நோக்கி நழுவும். நழுவினால் வாயால் பதினாறு தகதிமி சொல்லிக்கொண்டே வாசியுங்கள், எந்தத் தட்டல் எந்தச் சொல்லில் விழுகிறது என்று பிடிபட்டுவிடும்.

எட்வர்ட்ஸ் மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் வாசித்தவர். ஒற்றை ஹம்பக்கர் பிக்அப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பேட்டரியில் இயங்கும் முன்பெருக்கியும் உள்ள கருவி அது, 1976இல் சந்தைக்கு வந்தது. அந்தப் பேஸில் மேல் அலைவரிசைகள் தெளிவாக எழும். அதனால்தான் விரலால் வாசித்தும் இந்த வரியின் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கிறது. அதைப் பார்த்துப் பலர் ட்ரெபிளைக் கூட்டி, கட்டைவிரலால் ஸ்லாப் செய்து வாசிக்கிறார்கள். இந்தப் பாட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஸ்லாப்பின் சொடுக்கு ஸ்நேர் டிரம்மும் கைத்தட்டலும் இருக்கும் இடத்திலேயே போய் விழுந்து மூன்றையும் குழப்பிவிடும்.

இந்த வரி பிறந்த விதத்தை ராட்ஜர்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்று எட்வர்ட்ஸ் ஸ்டூடியோவுக்குத் தாமதமாக வந்தார். ராட்ஜர்ஸும் தாம்ப்சனும் ஏற்கெனவே அந்தத் தாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எட்வர்ட்ஸ் பேஸை மாட்டிக்கொண்டு சேர, அந்தச் சத்தத்தின் நடுவே ராட்ஜர்ஸ் ‘நட’ என்று கத்தினாராம். ஜாஸில் பேஸ் ஸ்வரம் ஸ்வரமாக நடந்து போகும் முறை உண்டு, அதைத்தான் கேட்டார். இருவருமே ஜாஸ் காது உள்ளவர்கள் என்பதால் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அடுத்து கிட்டார். ராட்ஜர்ஸின் வெள்ளை ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1960ஆம் ஆண்டு உடலும் 1959ஆம் ஆண்டுக் கழுத்தும் சேர்ந்தது. ‘ஹிட்மேக்கர்’ என்று அதற்கே ஒரு பெயர். அவர் வாசிக்கும் பாணிக்கு சக்கிங் என்று பெயர். எட்வர்ட்ஸ் முதலில் கிட்டார் வாசித்தவர், இந்தப் பாணியைத் தனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான் என்பார் ராட்ஜர்ஸ். வலது கை ஒரு பாருக்குப் பதினாறு முறை, மேலும் கீழுமாக ஓயாமல் அசையும். எது ஒலிக்க வேண்டும், எது வெறும் ‘சக்’ என்று செத்த சத்தமாக வர வேண்டும் என்பதை இடது கைதான் தீர்மானிக்கிறது. அழுத்தினால் கோர்டு, தளர்த்தினால் சக்.

கையில் எடுத்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு எளிய பிடி. ஈ மைனர் செவன்த்துக்கு ஏழாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) ஒரே விரலைக் குறுக்கே அழுத்தி, இரண்டாவது கம்பியில் எட்டாவது ஃப்ரெட். மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் அடியுங்கள்: டி, ஜி, பி ஸ்வரங்கள் கிடைக்கும். ஈ ஸ்வரமே அதில் இல்லை, அதைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். ஏ தேர்ட்டீன்த்துக்கு நான்காவது கம்பியில் ஐந்து, மூன்றாவதில் ஆறு, இரண்டாவதில் ஏழு. ஜி, சி ஷார்ப், எஃப் ஷார்ப். இதிலும் ஏ இல்லை. இரண்டு பிடிக்கும் ஜி பொது, கையும் அதிகம் நகர வேண்டியதில்லை. மூல ஸ்வரத்தை விட்டுவிட்டு வாசிப்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆனால் ஆறு கம்பியையும் அடித்துப் பாருங்கள், கிட்டாரின் கீழ் ஸ்வரங்கள் பேஸின் மேல் பாதியோடு முட்டி மொத்தமும் கலங்கலாகிவிடும்.

சக்கிங் கெட்டுப்போகும் இடங்கள் சில. மௌனம் வரும்போது வலது கையை நிறுத்திவிடுவதுதான் முதல் குற்றம். கை நின்றால் திரும்பத் தொடங்கும்போது நேரம் பிசகும். ஒலி வேண்டாத இடத்திலும் கை காற்றிலாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தது கனமான பிக் (கம்பியை மீட்டும் வில்லை). இந்த வேகத்தில் ஒரு பதினாறில் ஒரு பங்குக்குக் கிடைப்பது 0.14 வினாடிக்கும் குறைவு. தடித்த பிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும், அரை மில்லிமீட்டர் அளவு மெல்லிய பிக் சறுக்கிக்கொண்டு போகும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கூடவே கூடாது. அது செத்த சத்தத்துக்கும் உயிர்ச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்றுவிடும். இடது கையைத் தளர்த்தும்போது ஒரே விரல் மட்டும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ‘சக்’குக்குப் பதில் ஹார்மோனிக் பீப் எழும். ஏழாவது, ஐந்தாவது ஃப்ரெட்டுகளில் இது கட்டாயம் நடக்கும். இரண்டு மூன்று விரலைப் படரவிட்டால் நின்றுவிடும்.

டோனி தாம்ப்சன் பலசாலியான டிரம்மர். பின்னாளில் டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்திலும் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர். இந்தப் பாட்டில் அவர் செய்வதோ மிகக் குறைவு. நான்கு அடிக்கும் கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர், அதோடு கைத்தட்டல். உருட்டல்களை அரிதாகவே போடுகிறார். கவர் வாசிக்கும், அதாவது பிறர் பாட்டைத் திரும்ப வாசிக்கும் குழுக்களின் டிரம்மர்கள் எட்டு பாருக்கு ஒருமுறை உருட்டினால் பாட்டு எட்டு எட்டாகத் துண்டாகிவிடும். இங்கே வேண்டியது துண்டில்லாத ஓட்டம்.

குரல்களிலும் அதே ஒழுக்கம்தான். பாடகிகள் பலர் ஒரே ஸ்வரத்தில், ஒரே உச்சரிப்பில், சொல்லை வெட்டி வெட்டிப் பாடுகிறார்கள். சங்கதி கிடையாது, உச்ச ஸ்தாயி வித்தை கிடையாது. ஆல்ஃபா ஆண்டர்சன் எவ்வளவு நெகிழ்ந்து பாடக்கூடியவர் என்பது இதே ஆல்பத்தின் மெதுவான பாட்டுகளில் தெரிகிறது. தெரிந்தும் அடக்கி வைத்திருக்கிறார்கள். மேடையில் இந்தப் பாட்டைப் பாடும் பலர் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அசைவு சேர்க்கிறார்கள். அந்த அசைவு விழும் இடம் பேஸ் ஏறும் இடம்.

வயலின்கள் ஜீன் ஆர்லாஃப் தலைமையில் வாசிக்கப்பட்டவை. டிஸ்கோ ஆல்பங்களில் வயலின் குழு பாட்டின் மேல் போர்வையாகப் படர்ந்திருப்பதுதான் அந்தக் கால வழக்கம். ‘ரிஸ்கே’யில் அவை வந்து ஒரு கோடு போட்டுவிட்டு விலகிக்கொள்கின்றன.

அமைப்பு முறையில் ஷீக் ஒரு விதியைக் கைவிடவே இல்லை: பல்லவியில் தொடங்கு. பியானோவில் ஒரு வீச்சு, உடனே பல்லவி. முன்னிசை கேட்டுக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம். பல்லவி முதலில் வந்துவிட்டதால் பாட்டின் நடுப்பகுதி சுதந்திரமாகிவிடுகிறது. அங்கேதான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பேஸை மட்டும் நிறுத்தி, பிறகு ஒவ்வொரு கருவியாகத் திரும்பச் சேர்க்கிறார்கள். நடன அரங்கின் டிஜேக்கு இது கைமேல் கிடைத்த பொருள். வேறு பாட்டுக்கு மாற நினைத்தால் இங்கே மாறலாம். மாற மனமில்லை என்றால் இதே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்து இந்தப் பகுதியை மட்டும் நீட்டிக்கொண்டே போகலாம்.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1979இல் அமெரிக்காவில் விலைவாசியும் பெட்ரோல் வரிசையும் நீண்டுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் ‘நல்ல காலம்’ என்று பாடியதற்குத் திட்டுகள் வந்தன. ஆனால் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் 1929இன் பெருமந்தக் காலப் பாட்டு ஒன்றின் புகழ்பெற்ற வாசகத்தை வேண்டுமென்றே உள்ளே வைத்திருந்தார்கள். ஆல்பத்தின் கறுப்பு வெள்ளை அட்டைப்படமும் அந்தப் பழைய காலத் தோற்றத்தையே தாங்கி நிற்கிறது. கையில் காசில்லாத காலத்தில் கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்பதுதான் பாட்டு. முன்பு சொன்ன மைனர், மேஜர் சுழற்சியோடு சேர்த்துக் கேட்டால் இது தெளிவாகப் புரியும். இசையும் சொல்லும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

ஆல்பம் கடைக்கு வருவதற்கு 18 நாள் முன்பு, ஜூலை 12 அன்று, சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டமே ரத்தானது. ‘குட் டைம்ஸ்’ முதலிடத்தை ‘தி நாக்’ என்ற ராக் குழுவின் ‘மை ஷரோனா’விடம் இழந்தது. அதற்குப் பிறகு ஷீக் பெயரில் ஒரு பாட்டுகூட அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் வரவில்லை. கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் வளர்த்த இசை மீது நடந்த தாக்குதல் அது என்றே நான் பார்க்கிறேன். இசையின் தரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

குழுவின் பெயர் பட்டியலிலிருந்து போனது, பேஸ் வரி போகவில்லை. 1979 செப்டம்பரில் நியூஜெர்சியின் எங்கிள்வுட் நகரில் இயங்கிய சுகர் ஹில் நிறுவனம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற ராப் பாட்டை வெளியிட்டது. சில்வியா ராபின்சன் தயாரிப்பு. பெரிய 12 அங்குல ரெக்கார்டில் 14 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அன்று, பிறர் ரெக்கார்டிலிருந்து ஒலியை வெட்டியெடுக்கும் சாம்ப்ளர் கருவிகள் கைக்கெட்டும் விலையில் இல்லை. ஆகவே ‘குட் டைம்ஸ்’ பேஸ் வரியை ஒருவர் நிஜமாகவே வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தவர் 17 வயது சிப் ஷீரின். நிறுத்தாமல் பதினைந்து நிமிடம் வாசித்ததற்கு 70 டாலர் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன மூன்று ஈயையும் ஒரு மௌனத்தையும் பதினைந்து நிமிடம் கை தளராமல் காப்பாற்றிய அந்தப் பையனுக்கு என் வணக்கம். விரலில் களைப்பு வந்தால் முதலில் நீளத் தொடங்குவது அந்த மூன்றாவது ஈதான்.

ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் வழக்கு எச்சரிக்கை விடுத்தார்கள், எழுதியவர்களாக இருவர் பெயரும் அந்தப் பாட்டில் சேர்க்கப்பட்டன. ஹிப்ஹாப்பின் முதல் பெரிய வெற்றிப் பாட்டே உரிமைப் பிரச்சினையோடுதான் பிறந்தது. அடுத்தவர் இசைமேல் பாட்டு கட்டும் எல்லோரும் இன்றுவரை நடத்தும் பேரத்தின் ஆரம்பம் இது.

1980இல் குயீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ வந்தது. எழுதிப் பேஸ் வாசித்தவர் ஜான் டீக்கன், ஷீக் ஒலிப்பதிவு நடந்த ஸ்டூடியோவில் அவரும் வந்து இருந்தார் என்று எட்வர்ட்ஸ் சொல்லியிருக்கிறார். அதுவும் ஈ மைனர், அதுவும் 110ஐ ஒட்டிய வேகம், அதிலும் மூன்று நேர் ஈ. ஆனால் பிறகு போகும் வழி வேறு. டீக்கனின் வரி ஏ மேஜருக்கு ஏறி மலர்வதில்லை, ஈயைச் சுற்றியே வருகிறது. அதனால்தான் அங்கே கொண்டாட்டம் இல்லை, மிரட்டல் இருக்கிறது. 1981இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், டர்ன்டேபிள்களை மட்டும் வைத்து உருவாக்கிய ரெக்கார்டில் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பொருத்திக் காட்டினார். குடும்ப உறவை நிரூபிக்க வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது கணினியில் இந்தப் பகுதியை வெட்டி லூப் செய்ய, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட நினைப்பவர்களுக்கு: இது மனிதர் வாசித்த தாளம். 110 என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் சில சுழற்சிகளுக்குள் கணினியின் தாளக் கட்டமும் பாட்டின் தாளமும் பிரியத் தொடங்கும். ஒவ்வொரு நான்கு பாருக்கும் முதல் ஈயின் தொடக்கத்தில் குறி வைத்து, குறிக்குக் குறி நீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குறி வைத்தால் நடையின் குறுக்குத் தன்மை நேராகிச் செத்துவிடும். சொந்தமாகக் கவர் பதிவு செய்தால் கிட்டாரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். கிக்கையும் பேஸையும் பிரிக்க, எது அடியில் இருக்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கீழ் ஈயின் அலைவரிசை 41 ஹெர்ட்ஸ், அதன் முதல் மேல் ஸ்வரம் 82. கிக்கின் கனத்தை 60ஐ ஒட்டி நிறுத்தினால் இரண்டும் மோதாது. கைபேசி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் எழவே எழாது, அதில் கேட்டு பேஸ் அளவைத் தீர்மானித்தால் நிச்சயம் கூட்டி வைத்துவிடுவீர்கள்.

மற்ற பாட்டுகளில் ‘மை ஃபார்பிடன் லவ்வர்’ கட்டாயம் கேட்க வேண்டியது. கிட்டாரும் பேஸும் கேள்வி பதிலாகப் பேசுவது ‘குட் டைம்ஸ்’ஸைவிட இதில் நெருக்கம். சக்கிங் கற்க இதுவே நல்ல இரண்டாவது பாடம். ‘எ வார்ம் சம்மர் நைட்’, ‘வில் யூ க்ரை’ இரண்டும் மெதுவானவை, ஆல்ஃபா ஆண்டர்சனுக்காகக் கேட்கலாம். ‘கான்ட் ஸ்டாண்ட் டு லவ் யூ’ மூன்று நிமிடத்துக்கும் குறைவு, எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. ‘வாட் அபவுட் மீ’ ஆல்பத்தை முடித்து வைக்கிறது, அவ்வளவே.

‘மை ஃபீட் கீப் டான்சிங்’ மட்டும் தனி ரகம். வயலின்கள் குட்டைக் குட்டை வெட்டுகளாக ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. நடுவில் தனி ஆவர்த்தனம் வருகிறது, வாசிப்பது கால்கள்! டாப் நடனக் கலைஞர்கள் ஃபயார்ட் நிக்கலஸ், யூஜீன் ஜாக்சன், சாமி வாரன் மூவரின் காலடிச் சத்தம் அது. நிக்கலஸ் சகோதரர்களின் மூத்தவர் ஃபயார்ட், 1914இல் பிறந்தவர், 1943இன் ‘ஸ்டார்மி வெதர்’ படத்தில் படிக்கட்டில் தாவித் தாவி ஆடியவர். அறுபதைக் கடந்த அவரை டிஸ்கோ ஆல்பத்துக்கு அழைத்து வந்ததில் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் இருவருக்கும் தங்கள் முன்னோர்மேல் இருந்த மரியாதை தெரிகிறது. ஒலியாகவும் அது சரியான தேர்வு. ஷூவின் உலோகத் தகடு எழுப்பும் சத்தம் மேல் அலைவரிசையில் இருப்பதால் கீழே பேஸுக்கு இடைஞ்சல் இல்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் குதிகால், முன்கால் வித்தியாசம்கூடப் பிரிந்து கேட்கும்.

ரெக்கார்டாக வாங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கணக்கு. முதல் பக்கம் 21 நிமிடம், இரண்டாவது பக்கம் 16 நிமிடம். தட்டின் விளிம்பில் ஊசியின் கீழ் பள்ளம் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும், உள்ளே வர வர 21 வரை குறையும். ‘குட் டைம்ஸ்’ முதல் பக்கத்தின் முதல் பாட்டு, வேகம் அதிகமான வெளிப் பள்ளம் அதற்குக் கிடைத்திருக்கிறது. காலடிச் சத்தப் பாட்டு அதே பக்கத்தின் கடைசியில், உள்ளே இருக்கிறது. தேய்ந்த பிரதி என்றால் முதலில் கரகரப்பது அந்த உலோகச் சத்தம்தான். பழைய பிரதியைச் சோதிக்க ‘குட் டைம்ஸ்’ஸில் ஊசியை வைக்காதீர்கள், அது எதையும் மறைத்துவிடும். முதல் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.